வரவுப் பக்கம் மட்டும் பார்த்தால் போதுமா?

போன மாசம் ஒரு நாள் காலையில், சின்ன வெங்காயத்துக்கு மண்புழு உரம் போட்டுவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் காட்டுக்காரத் தம்பி வந்தார். "மேனேஜர் சார், ஒரே வருசத்துல 8,100 கோடி டாலர் அந்நிய முதலீடு வந்துச்சாம். நல்ல விசயம்தானே? நம்ம சங்கத்துல மட்டும் ஏன் எப்பப் பாத்தாலும் வேணாம், வேணாம்னே பேசுறாங்க?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. சங்கத்துக்காரர்களும் இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும்.

நான் 30 வருசத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்தவன். யாராவது கடன் கேட்டு வந்தால் முதலில் பாஸ்புக்கைத்தான் வாங்குவோம். வரவை மட்டும் பார்த்துக் கடன் கொடுத்த மேனேஜர் யாரும் நிம்மதியாக ஓய்வு பெற்றதில்லை. பற்று எவ்வளவு, கடைசியில் இருப்பு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். நாட்டுக் கணக்கும் அப்படித்தான்.

ரிசர்வ் வங்கி 2025 மே மாதம் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். 2024-25ல் வந்த அந்நிய நேரடி முதலீடு சுமார் 8,100 கோடி டாலர். தம்பி சொன்னது சரிதான். அதே வருசத்தில், ஏற்கெனவே இங்கே முதல் போட்டவர்கள் பங்கை விற்றும் முதலைத் திரும்ப எடுத்தும் கொண்டு போனது சுமார் 5,150 கோடி டாலர். நம் நாட்டுக் கம்பெனிகள் வெளிநாட்டில் போட்டது இன்னொரு 2,900 கோடி. எல்லாம் கழித்தால் நிகரமாக மிஞ்சியது சுமார் 35 கோடி டாலர்தான். முதல் எண் தலைப்புச் செய்தி ஆனது. கடைசி எண் டீக்கடை வரைக்கும் வரவே இல்லை.

இதிலும் முதல் மட்டும்தான் அடக்கம். லாபப் பங்காகவும் ராயல்டியாகவும் வெளியே போகிற பணத்துக்கு வேறு கணக்கு இருக்கிறது. வந்தவர் சுலபமாக வெளியே போக முடிந்தால்தான் அடுத்தவர் நம்பி வருவார், இது வளர்ந்த சந்தையின் அடையாளம் என்று ரிசர்வ் வங்கி சொல்கிறது. அதிலும் நியாயம் உண்டு. ஆனால் இருப்பைச் சொல்லாமல் வரவை மட்டும் சொல்வது சரியான கணக்கு இல்லை.

சரி, வருகிற பணம் எல்லாம் ஒரே ரகமா? இல்லை.

ஒரு ரகம், புதிதாகத் தொழிற்சாலை கட்டுவது. 1996ல் ஹூண்டாய் தமிழ்நாட்டுக்கு வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஆலை எழும்பியது, அதைச் சுற்றி உதிரிபாகத் தொழிற்சாலைகள் வந்தன, வேலை கிடைத்தது. இதை மறுத்தால் நம் பேச்சை யாரும் மதிக்க மாட்டார்கள். அதே கம்பெனி 2024 அக்டோபரில் பங்கு வெளியிட்டு 27,870 கோடி ரூபாய் திரட்டியது. அவ்வளவும் கொரியாவில் உள்ள தாய்க் கம்பெனிக்குப் போனது. போட்டவர் எடுக்கிறார், சட்டப்படி சரிதான். ஆனால் எடுப்பார் என்பதைத் தெரிந்துகொண்டுதான் நாம் வரவேற்க வேண்டும்.

இரண்டாவது ரகம், இருப்பதை வாங்குவது. 2018ல் வால்மார்ட் 1,600 கோடி டாலர் கொடுத்து பிளிப்கார்ட்டில் சுமார் 77 சதவீதத்தை வாங்கியது. அதில் 200 கோடி டாலர்தான் தொழிலுக்குள் போன புதுப் பணம். மீதி, பழைய பங்குதாரர்களின் கைக்குப் போனது. அவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டு முதலீட்டாளர்கள்தான். காடு அப்படியே இருக்கிறது, பட்டா மட்டும் பேர் மாறியது.

மூன்றாவது ரகம், வெறும் முகவரி. வரி குறைவான நாட்டில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்து, பணத்தை அதன் வழியே சுற்றிவிடுவது. உலகம் முழுவதும் உள்ள அந்நிய நேரடி முதலீட்டில் கிட்டத்தட்ட 40 சதவீதம், அதாவது 15 லட்சம் கோடி டாலர், இப்படி ஆள் இல்லாத கூடு வழியாகப் போகிறது என்று 2019ல் சர்வதேச நிதியமே எழுதியது. 6 லட்சம் பேர் வாழும் லக்சம்பர்க்குக்கு அமெரிக்காவுக்கு இணையான முதலீடு வந்ததாக ஏட்டில் இருக்கிறது! நமக்கும் பல வருசம் மொரீசியஸ்தான் முதலிடம். 1982 வரி ஒப்பந்தம் கொடுத்த சலுகை அது. 2016ல்தான் அதைத் திருத்தினார்கள்.

இப்போது நம் வயலுக்கு வருவோம். விவசாயத்தில் பெரும்பகுதிக்கு அந்நிய முதலீடு அனுமதி இல்லை. ஆனால் விதை உற்பத்திக்கு 100 சதவீதம் உண்டு, அரசின் முன் அனுமதி கூடத் தேவையில்லை. சோற்றுக்கு ஆதாரமான இடத்தில்தான் கதவு முழுசாகத் திறந்திருக்கிறது.

பருத்தியில் நடந்ததை எங்கள் பெரம்பலூர் கரிசல்காட்டுக்காரர்கள் மறக்க முடியாது. 1998ல் மான்சான்டோ, மகிகோ விதைக் கம்பெனியில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. இரண்டும் சேர்ந்து சரிபாதிப் பங்கில் ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கின. 2002ல் பிடி பருத்திக்கு அனுமதி கிடைத்தது. 450 கிராம் பாக்கெட் 1,600 ரூபாய் வரை விற்றது, அதில் பெரும்பகுதி தொழில்நுட்பக் கட்டணம். 2006ல் ஆந்திர அரசு ஏகபோக வணிகத் தடுப்பு ஆணையத்துக்குப் போன பிறகுதான் விலை 750க்கு இறங்கியது. மறுபடி 2016ல் மத்திய அரசு விலையைக் கட்டுப்படுத்தி, பாக்கெட்டுக்கு 163 ரூபாயாக இருந்த கட்டணத்தை 49 ஆக்கியது. 2018ல் ஜெர்மனியின் பேயர் கம்பெனி மான்சான்டோவையே வாங்கிவிட்டது. நம் பருத்திக்கு முதலாளி மாறினார், நம்மிடம் யாரும் கேட்கவில்லை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த வருசங்களில் பருத்திக்குப் பயிர்க்கடன் கொடுத்த மேனேஜர் நான்தான். விதைச் செலவு ஏறினால் கடன் தொகையை ஏற்றிக் கையெழுத்துப் போட்டேன். விதை ஏன் இந்த விலை, இந்தப் பணம் யாருக்குப் போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கம்பெனிக்குப் போன கட்டணம், என் பேரேட்டில் விவசாயியின் கடனாக ஏறியது. ஓய்வு பெற்று மண்ணில் இறங்கிய பிறகுதான் இது எனக்கு உறைத்தது.

தொழிற்சாலை முதலீட்டுக்கும் விதை முதலீட்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். கார் கம்பெனி போய்விட்டால் கட்டடமும் கற்ற தொழிலும் மிஞ்சும். விதை கைவிட்டுப் போனால் வருசா வருசம் வாங்கித்தான் ஆக வேண்டும்.

அதற்காகக் கதவைச் சாத்து என்று நான் சொல்லவில்லை. சீனாவும் அந்நிய முதலீட்டை நிறைய வாங்கிய நாடுதான். ஆனால் கார் தொழிலில் உள்ளூர்க் கூட்டாளி வேண்டும், அந்நியர் பங்கு பாதிக்கு மேல் கூடாது என்று பல வருசம் கட்டுப்பாடு வைத்திருந்தது. தொழிலைக் கற்றுக்கொண்ட பிறகு, 2022ல்தான் பயணிகள் காருக்கு அந்த வரம்பை முழுசாக எடுத்தது.

"அப்ப நம்ம பக்கம் கம்பெனி வந்தா எதுக்கணுமா சார்?" என்று தம்பி கேட்டார். எதிர்ப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியதைக் கேளுங்கள் என்றேன். புதிதாக எதைக் கட்டப் போகிறார்கள், இல்லை இருப்பதை வாங்கப் போகிறார்களா? வருசா வருசம் ராயல்டியாக, கட்டணமாக எவ்வளவு வெளியே போகும்? நிலம், தண்ணீர், விதை மூன்றில் எதன் மேல் அவர்களுக்கு உரிமை போகிறது? அவர்கள் கிளம்பினால் நம் கையில் என்ன மிஞ்சும்? இந்த நாலையும் மாவட்ட ஆட்சியரின் குறைதீர் கூட்டத்தில் மனுவாக எழுதிக் கொடுங்கள். எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வாய்ப் பேச்சுக்கு வங்கியிலும் மதிப்பில்லை, அரசு அலுவலகத்திலும் மதிப்பில்லை.

மூன்றாவது கேள்விக்கு விதை என்று பதில் வந்தால் மட்டும் யோசிக்கவே வேண்டாம், விடக்கூடாது. நான் இந்த வருசம் அரை ஏக்கரில் கருங்கண்ணிப் பருத்தி போட்டிருக்கிறேன். மகசூல் கம்மிதான், ஒளிக்கவில்லை. ஆனால் அடுத்த வருச விதை என் வீட்டுப் பரணில் இருக்கும். வேண்டுகிறவர்கள் தை மாசம் வந்து ஆளுக்கு ஒரு படி வாங்கிப் போகலாம். விளைந்த பிறகு இரண்டு படியாகத் திருப்பிக் கொடுத்தால் போதும்.