தார் ரோட்டுக்குள் ஒளிந்திருக்கும் காற்று

புதிதாகப் போட்ட தார் ரோடு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காமல் பெயர்ந்து போகிறது. மழை அதிகம் என்கிறார் காண்டிராக்டர். லாரிகள் அதிகம் என்கிறார் அதிகாரி. ரோலர் ஓட்டிய தொழிலாளியின் தலையில் பழியைப் போடவும் ஆள் உண்டு. ஆனால் பல சமயங்களில் உண்மைக் காரணம் ரோட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அதுதான் காற்று!

ஜல்லியும் தாரும் கலந்த சூடான கலவையை விரித்து ரோலரால் அமுக்குவது எதற்காக? உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றத்தான். வேலை முடிந்தபின் சுமார் 7 சதவீதம் காற்று மிஞ்சலாம். 8 சதவீதத்தைத் தாண்டினால் காற்றறைகள் ஒன்றோடொன்று சேர்ந்து தண்ணீருக்கு வழிவிடுகின்றன. 7க்கு மேல் கூடும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் ரோட்டின் ஆயுளில் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைகிறது என்று அமெரிக்க இஞ்சினியர்கள் 1989லேயே எடுத்துக் காட்டினார்கள்.

கலவையின் சூடு 80 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால், ரோலர் எத்தனை தடவை ஓடினாலும் பெரிய பயனில்லை. லாரி தாமதமாக வந்து கலவை ஆறிப்போனதற்கு ரோலர் டிரைவரா பொறுப்பு?

இதைக் கண்டுபிடிக்க ரோட்டைத் துளைத்து உருண்டைத் துண்டு எடுத்துச் சோதிப்பது பழைய முறை. கணக்குப் பாருங்கள். 1 கிலோமீட்டர் நீளம், 7 மீட்டர் அகலமுள்ள ரோட்டின் பரப்பு 7,000 சதுர மீட்டர். 15 சென்டிமீட்டர் விட்டத்தில் பத்துத் துண்டுகள் எடுத்தாலும் சோதித்த பரப்பு 0.2 சதுர மீட்டர்கூட இல்லை! துளைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் கண்ஜாடை நடந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் தரை ஊடுருவும் ராடார். 1990களின் பிற்பகுதியில் பின்லாந்திலும், பின்னர் அமெரிக்காவின் மினசோட்டா மாகாணத்திலும் இதைக் கையாண்டார்கள். கருவியைத் தள்ளிக்கொண்டு போனால் அது ரேடியோ அலையை ரோட்டில் பாய்ச்சி, திரும்பி வரும் அலையின் வலுவை அளக்கிறது. உலோகத் தகட்டில் பட்டுத் திரும்பும் அலையோடு அதை ஒப்பிட்டு மின்கடவாமை எண்ணைக் கணக்கிடுகிறார்கள். காற்றுக்கு அந்த எண் 1. தார்க் கலவைக்கு 5ஐ ஒட்டி இருக்கும். உள்ளே காற்று கூடினால் எண் இறங்கும். துளை போடாமலே, ரோடு நெடுகிலும் எந்த இடம் இறுகவில்லை என்று தெரிந்துவிடும்.

இது மந்திரக்கோல் அல்ல. தண்ணீரின் எண் சுமார் 80. ஈர ரோட்டில் அளந்தால் கணக்குப் பொய்யாகும். ஜல்லி மாறினால் எண்ணும் மாறும். ஆகவே அதே கலவையின் துண்டுகளை வைத்துக் கருவியைச் சரிபார்த்தே தீர வேண்டும்.

ஆனால் பெரிய கேள்வி வேறு. அளந்த கணக்கு யார் கையில் இருக்கும்? காண்டிராக்டரே அளந்து, காண்டிராக்டரே பூட்டி வைத்தால் ராடார் வந்தென்ன, வராவிட்டாலென்ன?

2005ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், சர்க்கார் வேலையைப் பார்வையிடவும், பொருள்களின் சான்றளித்த மாதிரிகளைப் பெறவும் ஜனங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. அந்த உரிமையை ராடார் கணக்கோடு இணைக்க வேண்டும். உள்ளூர்ப் பிரதிநிதிகள் முன்னிலையில் ரோட்டை அளக்க வேண்டும். பலவீனமான இடங்களைக் காட்டும் வரைபடத்தைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். அந்த இடங்களிலேயே துண்டெடுத்துச் சோதித்து, குறையைச் சரிசெய்த பிறகே கடைசி பில்லுக்குப் பணம் தர வேண்டும்.

ரோடு போடப் பணம் கொடுப்பவர்கள் ஜனங்கள். அதன் கணக்கும் அவர்கள் கண்முன் இருக்கட்டும்!