கிழிந்த காதைப் பசை போட்டு ஒட்டலாமா? ரீல்ஸ் சொல்லாத விஷயங்கள்

'ஆபரேஷன் இல்லாமல் காது ஓட்டையை அடைக்கிறோம்' என்ற பார்லர் ரீல்ஸ் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கலாம். கொஞ்சம் திரவம், கொஞ்சம் பசை, மேலே ஒரு டேப். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது என்கிறார்கள். உண்மையிலேயே ஒட்டுமா?

காது ஏன் கிழிகிறது?

காதின் மேல்பகுதியில் குருத்தெலும்பு இருக்கிறது. கம்மல் மாட்டும் கீழ்மடலில் அது கிடையாது, தோலும் கொழுப்பும்தான். கனமான ஜிமிக்கியை வருஷக்கணக்கில் போட்டால் துளை கீழ்நோக்கி நீளும். அப்புறம் குழந்தை பிடித்து இழுத்தாலோ, துப்பட்டாவில் மாட்டினாலோ மடல் இரண்டாகப் பிளந்துவிடும். கவரிங் நகையில் உள்ள நிக்கல் சிலருக்கு அலர்ஜியாகி, புண்ணாகித் துளையைப் பெரிதாக்குவதும் உண்டு.

பசை ஏன் பிடிக்காது?

பழைய கிழிசலின் ஓரங்களில் புதுத் தோல் வளர்ந்து மூடியிருக்கும். தோலோடு தோல் சேராது. இரண்டு விரல்களைச் சேர்த்து டேப் சுற்றினால் அவை ஒன்றாகிவிடுமா என்ன? அதனால்தான் டாக்டர் அந்த ஓரத் தோலை மெல்லிசாக வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் பச்சைச் சதையைச் சேர்த்துத் தைக்கிறார்.

அந்தத் தோலை எடுக்க, சில இடங்களில் கத்திக்குப் பதில் ஆசிட் தடவுகிறார்கள். பயிற்சி இல்லாதவர் கையில் அது எவ்வளவு ஆழத்துக்குப் பொசுக்கும் என்று சொல்ல முடியாது. தொற்று வரலாம், தழும்பு விழலாம். சதை கரைந்து போனால், பிறகு முறையாகத் தைப்பதும் சிரமம்.

ஆபரேஷன் பெரிய விஷயமா?

இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு, பெரும்பாலும் அரை மணி நேரத்திலேயே ஒரு காதை முடித்துவிடுவார்கள். அன்றே வீடு திரும்பலாம். சுமார் ஒரு வாரத்தில் தையல் பிரிப்பார்கள். மடலின் அடியில் பள்ளம் விழாமல் இருக்க, நேர்கோட்டுக்குப் பதில் 'இசட்' வடிவில் தைப்பதும் உண்டு. இது புது வித்தையும் இல்லை. காதைச் சரிசெய்ய 15 முறைகளை சுஸ்ருத சம்ஹிதை சொல்கிறது.

பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை சிகிச்சைப் பயிற்சி பெற்ற தோல் டாக்டர் ஆகியோரிடம் போகலாம். பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது. தழும்பு தடித்து வளரும் 'கீலாய்டு' பிரச்சினை உங்களுக்கு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நகை பறிப்பில் கிழிந்தால்?

2025 அக்டோபரில் சென்னையில் தங்கம் சவரன் 90,000 ரூபாயைத் தாண்டியது. காதில் கிடப்பதும் திருடர்களின் குறிதான். இப்படிக் கிழிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். புதுக் காயத்தின் ஓரங்கள் பச்சையாக இருப்பதால் தைப்பது சுலபம். டெட்டனஸ் ஊசி தேவையா என்றும் கேளுங்கள்.

எப்படிக் கிழிந்தது என்பதைக் காயச் சான்றிதழில் பதிவு செய்யச் சொல்லுங்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்புக்கென்றே 304-வது பிரிவு இருக்கிறது. அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. திருடுவதற்காகக் காயப்படுத்தினால் அது கொள்ளைக் குற்றம் (பிரிவு 309). தண்டனை இன்னும் கடுமை. அதற்கு அந்தச் சான்றிதழ் முக்கிய ஆதாரம்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

அழகுக்கான சர்ஜரிக்கு மெடிக்கல் பாலிசியில் பொதுவாகப் பணம் கிடைக்காது. விபத்துக்குப் பிந்தைய சீரமைப்புக்கு அந்த விலக்கு பொருந்தாது. ஆனாலும் உங்கள் பாலிசியில் 'டே கேர்' நிபந்தனை என்ன என்று பார்த்துவிட்டு கிளெய்ம் பண்ணுங்கள்.

மறுபடி கம்மல் எப்போது?

அவசரப்பட வேண்டாம். பொதுவாக 6 வாரம் முதல் 3 மாதம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். தழும்பு பழைய தோல் அளவுக்கு உறுதியாகாது என்பதால், அதன் மேலேயே குத்தாமல் சற்றுத் தள்ளிக் குத்துவது நல்லது. கனமான ஜிமிக்கியை விசேஷத்துக்கு மட்டும் போட்டுக்கொண்டு, காதுக்கு மேலே மாட்டல் கொடுத்துப் பாரத்தைக் குறையுங்கள். தூங்கும்போது கழற்றிவிடுங்கள்.