சதிர் எப்பொழுது 'பரதம்' ஆயிற்று?

ஓசூர்ச் சிப்காட்டுத் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த குடியிருப்புகளில் மாலை வேளையில் நடந்து செல்வோர் செவியில் தட்டுக்கழியின் ஓசையும் சொற்கட்டும் விழாமற் போகா. 1980ஐ ஒட்டி ஊர்தி ஆலைகள் இங்கு வந்தபின், நாற்றிசையினின்றும் குடியேறியோர் தம் பெண்மக்களை ஆடல் கற்க விடுகின்றனர். விடட்டும், நன்றே. ஆனால் அச்சிறுமி முதல் நாளில் கேட்டு வருவது யாது? இக்கலை பரத முனிவர் வடமொழியில் அருளிய நாட்டிய சாத்திரத்தினின்று பிறந்ததாம். 'ப' என்பது பாவமாம், 'ர' என்பது இராகமாம், 'த' என்பது தாளமாம்! ஈராயிரம் ஆண்டு வரலாறு இரண்டு வரியில் முடிந்தது. கற்பிக்கும் ஆசிரியையும் தம் ஆசிரியர் சொன்னதைச் சொல்கின்றாரே அன்றித் தாமாக ஆராய்ந்து சொல்கின்றாரல்லர். இலக்கம் இலக்கமாகச் செலவிட்டு மகளை அரங்கேற்றும் பெற்றோரும், இதனை ஆடியவர் யாவர், கற்பித்தவர் யாவர், யார் கையினின்று யார் கைக்கு இது மாறிற்று என ஒரு சொல் கேட்பதில்லை.

எழுத்தைப் பிரித்துப் பொருள் கூட்டுவது ஆராய்ச்சியன்று. இதற்கு மறுப்பாக நம்மவருள் சிலர் 'பரதவரிடமிருந்து பரதம் வந்தது' என மேடையில் முழங்குவதும் அத்தகைய சொல்விளையாட்டே. கல்லும் ஓலையும் ஏடும் சான்று தரும்போது ஊகத்தில் இறங்குவானேன்?

சிலப்பதிகார அரங்கேற்று காதை, ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறிய மாதவியையும், அவள் ஏறிய அரங்கின் அகல நீள உயரங்களையும் அளவு பிசகாது உரைக்கின்றது. அதன் உரைகாரர் அடியார்க்கு நல்லார் ஒற்றைக்கை முப்பத்து மூன்றும் இணைக்கை பதினைந்தும் வகுத்துக் காட்டுகின்றார். அப்பட்டியலில் 'இளம்பிறை' போலும் தமிழ்ப்பெயரும் உண்டு. வடசொற்களும் பல உண்டு. உள்ளதை மறைத்தல் நமக்குத் தகாது. சிதம்பரக் கோபுரத்துக் கரணச் சிற்பங்களின் அருகே நாட்டிய சாத்திர வடமொழி வரிகள் வெட்டப்பட்டிருப்பதும் உண்மையே. வடமொழி நூலாரும் தமிழ்க் கலைஞரும் நெடுங்காலம் கொண்டும் கொடுத்தும் வந்தனர். ஆனால் கொடுத்தவன் ஒருவனே, கொண்டவன் மற்றவனே என்று கணக்கு முடிப்பதுதான் பொய்க்கணக்கு.

தஞ்சைப் பெருவுடையார் கோயில் மதிலுக்குச் செல்க. 1014ஆம் ஆண்டளவில் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டு, நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை வரிசையாகச் சொல்கின்றது. அவள் பெயர், அவள் முன்பு இருந்த கோயில், இப்பொழுது குடியிருக்கும் தெரு, அத்தெருவில் எத்தனையாம் வீடு என ஒவ்வொன்றும் உண்டு. ஒருத்திக்குப் பங்கு ஒன்றாக ஆண்டுக்கு நூறு கலம் நெல். அடுத்தே நட்டுவம் செய்வோர், பாடுவோர், குழலூதுவோர் பங்குகள். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஆடியவளுக்குப் பெயரும் முகவரியும் இருந்தன! அவளை அக்காலம் விடுதலையுடையவளாக வைத்திருந்தது என்பதன்று இதன் பொருள்; அவளை மறைக்க வேண்டிய தேவை அக்காலத்திற்கு இல்லை என்பதே.

பிற்காலத்து வரலாறு ஓசூருக்கு மிக அணித்தே வருகின்றது. தஞ்சையில் மராட்டிய மன்னர் சரபோசி காலத்தை ஒட்டி வாழ்ந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் உடன்பிறந்தார் நால்வரே, அலாரிப்பு முதல் தில்லானா ஈறாக இன்று மேடைகளில் ஆடப்பெறும் வரிசையை ஒழுங்குபடுத்தியோர். இவர்கள் தமிழ் நட்டுவனார் மரபினர். இவர்தம் உருப்படிகளுட் பல தெலுங்கில் அமைந்தது ஏன் எனின், நாயக்கரும் மராட்டியரும் ஆண்ட தஞ்சை அவையில் இசைக்குரிய மொழியாகத் தெலுங்கே வீற்றிருந்தது. சோறிட்டவன் மொழியில் பாட வேண்டியிருந்தது. நால்வருள் வடிவேலு திருவிதாங்கூர் சென்றார். சின்னையா மைசூர் சென்று மூன்றாம் கிருட்டிணராச உடையார் அவையில் அமர்ந்தார். இன்று அத்திப்பள்ளியைக் கடந்து பெங்களூருக்குச் சென்று 'மைசூர்ப் பாணி' கற்கும் ஓசூர்ப் பிள்ளைக்கு, அப்பாணியின் வேர்களுள் ஒன்று தஞ்சை நட்டுவனார் கால்நடையாகவோ வண்டியிலோ கொண்டுபோனது என எவரேனும் சொல்கின்றனரா? கன்னடர் அதனைப் பேணியமைக்கு அவரைப் புகழ்வோம். ஆனால் விதை எங்குப் பெற்றது எனக் கேட்பது பகையாகாது.

இனி, பெயர் மாறிய கதை. மைசூர் அரசு 1909-10 அளவிலேயே கோயிலாடற் பணியை நிறுத்திற்று. சென்னை மாகாணத்தில் முத்துலட்சுமி அம்மையார் சட்டமன்றத்திலும், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர்தோறும் மேடையிலும், பொட்டுக்கட்டும் இழிவை ஒழிக்கப் போராடினர். 1947இல் சட்டம் வந்தது. அப்போர் அறப்போர். இருவருமே இசை வேளாளர் குடிப்பிறப்பின் தொடர்புடையோர். தம் இனப் பெண்டிர் பட்ட துயரை அறிந்து பேசியோர். அதில் ஐயமில்லை. ஆனால் அதே ஆண்டுகளில் மற்றொன்றும் நடந்தது. வழக்கறிஞர் ஈ. கிருட்டிண ஐயரின் முயற்சியால் சென்னை மியூசிக் அகாதெமி 1931இல் கல்யாணி மகளிர் இருவரை மேடையேற்றிற்று. அடுத்த ஆண்டு 'சதிர்', 'நாச்' என வழங்கிய பெயர்களை விலக்கிப் 'பரதநாட்டியம்' என்னும் பெயரை முன்னிறுத்திற்று. அப்பெயர் அதற்குமுன் அறவே வழங்கவில்லை என்பதன்று. பழம்பெயர்களைத் துரத்தி அரியணை ஏறியது அப்பொழுதுதான். 1935இல் உருக்குமணி தேவி அடையாற்றில் ஆடினார். 1936இல் கலாச்சேத்திரா தோன்றிற்று. அவருக்குக் கற்பித்தவர் பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் மயிலாப்பூர் கௌரி அம்மாளும். ஆடலை 'மாசு நீக்கித் தூய்மை செய்ததாக' ஒரு கூட்டம் பெருமை பேசிற்று. யாரிடமிருந்து கற்றார்களோ அவர்களே மாசு எனப்பட்டனர்! காதற்சுவை இவ்வாடலின் உயிர், அது களையத்தக்க களையன்று என இறுதிவரை மறுத்து நின்றவர், வீணை தனம்மாளின் பேத்தி பாலசரசுவதி. 1984இல் மறைந்த அவரிடம் கற்க அமெரிக்க வெசுலியன் பல்கலைக்கழகம் வரிசையில் நின்றது.

கௌரி அம்மாள் கதை இன்னும் கொடிது. கபாலீச்சரத்தில் ஆடிய அவர் உருக்குமணி தேவிக்கும் பாலசரசுவதிக்கும் மெய்ப்பாடு கற்பித்தவர். கோயிற் பணி போனபின் வறுமையில் முதுமை கழித்து 1971இல் மறைந்தார்.

இவ்விடத்தில் பார்ப்பனரைச் சாடிவிட்டுக் கைகழுவி எழுந்துவிடுவது எளிது. தூயதமிழ் அன்பரே, நம் கை தூயதா? 'தமிழர் ஆடல்' என மார்தட்டும் நாம், அதனை ஆடியவள் மகளை நம் வீட்டு மருமகளாக ஏற்றோமா? 'தாசி' என்னும் சொல்லை வசையாக வழங்கியோருள் தமிழ் முழங்கியோர் இல்லையா? ஆடலை வேண்டும், ஆடியவள் வேண்டா என்று கருதியதில் அகாதெமியாருக்கும் நமக்கும் எத்துணை வேறுபாடு? 'பரதம்' என்பதை எடுத்துவிட்டுத் 'தமிழாடல்' எனப் பலகை மாற்றுவதால் மட்டும் கௌரி அம்மாளுக்கு நேர்ந்தது நேராததாகிவிடுமா?

மற்றொன்றும் கேட்க. ஓசூர் வகுப்பறையினின்று சில கல் தொலைவில், கிருட்டிணகிரி, தருமபுரிச் சிற்றூர்களில், கோடையில் திரௌபதி அம்மன் கோயில்முன் பகலில் பாரதம் படிக்கின்றனர். இரவு முழுதும் கூத்து நிகழ்கின்றது. புயக்கட்டையும் மார்புக்கட்டையும் பூண்டு, முகவீணை முழங்க, விடியும்வரை ஆடுவோர் பெரும்பாலும் உழவரும் கூலித் தொழிலாளருமே. இறுதி நாளில் மண்ணால் கிடத்திய துரியோதனன்மேல் படுகளம். 'வடவர் கதைதானே' எனத் தூய தமிழர் சிலர் முகம் சுளிப்பர். வியாசன் அறியாத போத்துராசா அங்கே காவல் நிற்கின்றான். அக்கதையை நம் மண் எவ்வாறு தனதாக்கிற்று என்பதற்கு அவனைவிடச் சான்று வேண்டுமா? ஆலைக் குடியிருப்புச் சிறுமி இதனையும் 'ஆடல்' என்று எண்ணக் கற்பிக்கப்படவில்லை. அது 'நாட்டுப்புறம்', தான் கற்பது 'செவ்வியல்' என்னும் படிநிலைதான் அவள் மனத்தில் முதலில் பதிகின்றது.

ஆதலின் அரசு இசைப்பள்ளிகளின் பாடத்திட்டத்தை வகுப்போரும், தனியார் வகுப்புகளுக்குத் தேர்வு நடத்துவோரும் அடவுக்கும் முத்திரைக்கும் ஒதுக்கும் தாளோடு வரலாற்றுத் தாள் ஒன்றையும் வைத்தல் வேண்டும். அதில் தளிச்சேரிக் கல்வெட்டும், தஞ்சை நால்வரும், 1932உம், 1947உம், கௌரி அம்மாளும், படுகளமும் இடம்பெறல் வேண்டும். கிருட்டிணகிரி மாவட்ட ஆடலாசிரியர்கள் வரும் கோடையில் தம் மாணவியரை ஓர் இரவேனும் பாரதக் கூத்துக் களத்திற்கு அழைத்துச் செல்க. கூத்தரை வகுப்பறைக்கு அழைத்து, அரங்கேற்ற மேடையில் நட்டுவனார்க்கு இடும் அதே இருக்கையை இடுக.