டேலி ஆகாத கணக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை. கூரியர் பையன் பெல் அடித்தான். "மேடம் பேருக்குப் பார்சல். 2,400 ரூபா குடுங்க சார்."

அடுத்தவர் பார்சலைப் பிரிப்பது தப்புதான். ஆனால் காசு கொடுத்தவன் நானாச்சே! பிரித்தேன். ஒரு கிரீம், ஒரு எண்ணெய் பாட்டில், கூடவே சைக்கிள் பம்ப்புக்குத் தங்கச்சி மாதிரி ஒரு பம்ப். '45 நாளில் இரண்டு மார்பும் ஒரே அளவாக!' என்று அட்டையில் கொட்டை எழுத்து.

"என்னம்மா இது?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நீங்கதானே சொன்னீங்க?"

"நானா? எப்போ?"

"கல்யாணமான புதுசுல. 'ரெண்டு பக்கமும் டேலி ஆகலையே'ன்னு."

சத்தியமாக எனக்கு ஞாபகமே இல்லை. பி.காம். படித்தவனின் அசட்டு ஜோக்! சொன்ன நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். அவளோ ஏழு வருஷமாக 'கேரி ஃபார்வர்டு' பண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள். யாராவது போட்டோ எடுத்தால் துப்பட்டாவை இழுத்து இழுத்து விட்டுக்கொள்வாளே, அது எதற்கென்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு லேடி டாக்டரிடம் போனோம். பரிசோதித்துவிட்டு அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இரண்டும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவில் இருப்பதுதான் அபூர்வம். கிரீமோ எண்ணெயோ தேய்த்து மார்பை வளர்க்க முடியாது. தண்டால் எடுத்தால் அடியிலிருக்கும் தசைதான் பலப்படும். மார்பென்பது கொழுப்பும் சுரப்பியும். அதை உடற்பயிற்சி பெரிதாக்காது.

"அப்ப பம்ப்?" என்றேன்.

"கொஞ்ச நேரம் வச்சா வீங்கும். அப்புறம் வடிஞ்சிடும். அமெரிக்காவுல இப்படி உறிஞ்சற கருவியை வச்சு நிஜமாவே ஆராய்ச்சி பண்ணினாங்க. தினம் 10 மணி நேரம், 10 வாரம் விடாம மாட்டிக்கிட்டு இருக்கணும். உங்களால முடியுமா சார்?"

நான் ஆபீஸில் டை கட்டினாலே ஒரு மணி நேரத்தில் கழற்றுகிறவன்.

வயசுக்கு வருகிற பெண்களுக்கு ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் வளருமாம். பெரும்பாலும் போகப்போகச் சரியாகிவிடுமாம். ஆனால் இதுவரை இல்லாத வித்தியாசம் திடீரென்று தெரிந்தாலோ, கட்டி, தோலில் குழி, காம்பில் கசிவு இருந்தாலோ ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்றார். இவளுக்கு அப்படி எதுவும் இல்லை.

வக்கீல் நண்பன் ஒரு விஷயம் சொன்னான். எந்தெந்தக் குறைகளுக்கு மருந்து இருப்பதாக விளம்பரம் செய்யவே கூடாது என்று 1954-லேயே ஒரு சட்டம் பட்டியல் போட்டிருக்கிறது. அதில் 'பெண்களின் மார்பின் வடிவமும் அமைப்பும்' என்பதும் உண்டு. மீறினால் முதல் தடவையே ஆறு மாசம் வரை ஜெயில்! நானோ உள்ளே போக வேண்டியவனுக்கு 2,400 ரூபாயை எண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

கடைசியில் விஷயத்தை முடித்தது எங்கள் தெரு டெய்லர் அக்கா. "ஒரு பக்கம் மட்டும் பேட் வச்சுத் தைக்கணும்" என்று இவள் தயங்கித் தயங்கிச் சொல்ல, அக்கா டேப்பைக் கழுத்தில் போட்டபடி, "இதுக்கா இவ்ளோ யோசனை? எத்தனை பேருக்குத் தச்சிருக்கேன் தெரியுமா?" என்றாராம். கூலி 60 ரூபாய் அதிகம். அவ்வளவுதான்.

பம்ப்பையாவது பையன் சைக்கிளுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். ம்ஹூம். அது காற்றை உறிஞ்சுகிற பம்ப்!

அன்று ராத்திரி மன்னிப்புக் கேட்டேன். ஏழு வருஷத்து அரியர்ஸ்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள், "இதையும் பத்திரிகையில எழுதிடுவீங்களா?" என்றாள்.

"நீ வேணாம்னா எழுதலை."

"எழுதுங்க. புதுசா கல்யாணமானவங்க நிறையப் பேர் படிப்பாங்க. ஜோக் அடிக்கறதுக்கு முன்னாடி ஒருதரம் யோசிக்கட்டும்."