தணிகைப் படியும் புது வருஷப் பிரதிக்ஞையும்

ஆங்கில வருஷம் பிறக்கும்போது பிரதிக்ஞை செய்துகொள்வது நம்மவரிடையும் வேரூன்றிவிட்ட வழக்கமாகும். புகையிலையை விடுவதென்றும், விடியற்காலையில் எழுவதென்றும், வரவு செலவு எழுதி வைப்பதென்றும் ஜனவரி முதல் தேதியில் உறுதி கூறாதார் சிலரே. அவ்வுறுதி பொங்கற்பானை பொங்கும் வரையிலேனும் நிலைத்திருக்கக் கண்டவர் அவரினும் சிலரே. இதனைப் பரிகசிப்பது எளிது. பரிகசிப்போர், ‘நம் ஜனங்களுக்கு மனத்திண்மை போதாது’ என்று தீர்ப்புக் கூறிவிட்டு அமைகின்றனர். இத்தீர்ப்பை நாம் ஒப்புவதற்கில்லை. இதற்கு மாறான சாட்சியம் திருத்தணிகை மலையில் வருஷந்தோறும் நம் கண்முன்னே காணக் கிடக்கின்றது.

ஆடிக் கிருத்திகையன்று அம்மலைக்குக் காவடி எடுத்து வருவோர், தமிழ் நாட்டினின்றும் அண்டையிலுள்ள ஆந்திர நாட்டினின்றும் பெருந்திரளாக வருகின்றனர். அவருள் ஒருவனை எண்ணிப் பாருங்கள். குழந்தை நோயுற்றுக் கிடந்த காலத்தில், ‘பிழைத்தெழுந்தால் மூன்று வருஷம் புஷ்பக் காவடி எடுத்து, முடியும் இறக்குகின்றேன்’ என்று நேர்ந்துகொண்டவன் அவன். மூன்றாம் வருஷம் மழை பெய்தது என்றோ, கையில் பணமில்லை என்றோ அவன் தவணை சொல்வதில்லை. விரதமிருந்து, கூலி வேலையை விட்டு, கால் நடையாகவேனும் வந்து சேருகின்றான். அவனே ஜனவரி முதல் தேதி மதுவை விட்டதாகச் சொல்லி, நான்காம் தேதி கடை வாயிலில் நிற்கவும் கூடும். ஆள் ஒருவன்; மனமும் ஒன்றே. ஆகவே குறை அவனுடைய மனத்தில் இல்லை. உறுதி செய்துகொண்ட முறையிலேயே இருக்கின்றது என்பது எமது துணிபு.

நேர்ந்துகொண்டதை நம் முன்னோர் ‘நேர்த்திக்கடன்’ என்றனர். கடன் என்ற சொல்லே பாதிக் காரியத்தைச் செய்துவிடுகின்றது. செய்ய வேண்டியது இன்னது, செய்ய வேண்டிய நாள் இன்னது, சேர்க்க வேண்டிய இடம் இன்னது என்பதெல்லாம் அதில் வரையறுக்கப்பட்டுள்ளன. வீட்டாரும் தெருவாரும் அதனை அறிவர். நாள் நெருங்கும்போது கேட்கவும் செய்வர். புது வருஷப் பிரதிக்ஞையிலோ இவற்றுள் ஒன்றேனும் இல்லை. ‘இனிச் சிக்கனமாக இருப்பேன்’ என்றால், எவ்வளவு, எதுவரை, யாருக்குக் கணக்கு என்பது சொன்னவருக்கே தெரியாது.

சட்டம் பயின்றோர் இதனை எளிதில் அறிவர். பொருள் நிச்சயமில்லாததும் நிச்சயப்படுத்த முடியாததுமான உடன்படிக்கை செல்லாது என்று 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு விதிக்கின்றது. நீதிமன்றம் எதனை நிறைவேற்றச் சொல்லும்? மனச்சான்றின் நீதிமன்றத்துக்கும் இவ்விதி பொருந்தும். மகாத்மா காந்தி 1930-ல் எரவாடா சிறையிலிருந்து ஆசிரமவாசிகளுக்கு எழுதிய கடிதங்களில், ‘இயன்றவரை’ என்ற சொல்லை ஒட்டவைத்துச் செய்யும் விரதம் பலவீனத்தின் அடையாளம் என்னும் கருத்தை விளக்கியுள்ளார். இயன்றவரை உண்மை பேசுவேன் என்பவன், எப்பொழுது பொய் பேசுவான் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டவன் ஆகின்றான்.

நமது அரசியல் சாசனத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. மதுவிலக்கைப் பற்றிய 47-ஆம் பிரிவு, ராஜ்யம் அதற்காக முயல வேண்டும் என்கின்றது, நாள் குறிக்கவில்லை. பதினான்கு வயது வரை குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி அளிப்பதைப் பற்றிய 45-ஆம் பிரிவோ, பத்து வருஷம் என்று ஆதியில் கெடு விதித்தது. 1960-ல் அக்கெடு தவறியது உண்மையே. எனினும் கெடு இருந்தமையால் தவறு கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்தமையால் கேட்போர் கேட்டுக்கொண்டே இருந்தனர். 2002-ல் சாசனம் திருத்தப்பட்டு, ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கல்வி அடிப்படை உரிமையாயிற்று. 2010 ஏப்ரல் முதல் தேதி அதற்கான சட்டமும் அமலுக்கு வந்தது. நாள் குறித்த உறுதி தவறினாலும் மறைவதில்லை. நாள் குறியாத உறுதி தவறுவதே தெரிவதில்லை.

இனி, புது வருஷத்துக்கும் தணிகைக்கும் உள்ள தொடர்பைக் கூறுவோம். வெள்ளையர் ஆண்ட நாளில், ஜனவரி முதல் தேதி நம்மவர் மாலையும் பழமும் ஏந்தித் துரைமாரின் பங்களா வாயிலில் காத்து நிற்பது வழக்கமாயிருந்தது. மைசூர் அரண்மனையில் சமையற்பணி செய்து, பின்னர் திருப்புகழைப் பயின்று அதனைப் பரப்புவதையே வாழ்நாட் பணியாகக் கொண்ட வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் இவ்வடிமை வழக்கத்தைக் கண்டு மனம் பொறாராய், வாழ்த்துப் பெற வேண்டிய துரை தணிகை மலையில் இருக்கின்றான் என்று ஜனங்களை அங்கே அழைத்துச் சென்றார் என்பர். 1918-ஆம் வருஷப் பிறப்பை ஒட்டித் தொடங்கிய அத்திருப்படித் திருவிழா ஒரு நூற்றாண்டைக் கடந்தும் நடைபெற்று வருகின்றது. அன்னியர் வருஷத்தின் முதல் நாளை அவர் தள்ளிவிடவில்லை. அந்நாளில் யார் முன் தலை வணங்குவது என்பதையே மாற்றினார். புதுத் தொடக்கம் என்பதற்கு இதனினும் தெளிந்த பொருளை நாம் அறியோம்.

மலைக்குப் படிகள் 365 என்று கணக்கிடுவர். வருஷத்தின் நாட்களும் அத்தனையே. டிசம்பர் 31-ஆம் தேதி பஜனைக் கோஷ்டியார் அடிவாரத்தில் கூடி, ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமமிட்டுக் கர்ப்பூரம் ஏற்றி, ஒரு பாடல் பாடி, அடுத்த படியில் கால் வைக்கின்றனர். மலைமேல் மோட்டார் செல்லப் பாதை உண்டு. சில நிமிஷங்களில் உச்சியை அடையலாம். ஆயினும் இவ்விழாவுக்கு வருவோர் அவ்வழியை நாடுவதில்லை. அவர்கள் முன்னே இருப்பது மலையன்று, ஒரு படி. அது முடிந்த பின் மற்றொரு படி. ‘வருஷம் முழுவதும் குடியேன்’ என்பது மலையைத் தலையில் தூக்குவதாகும். ‘இன்று குடியேன்’ என்பது ஒரு படி. அதனை நாளையும் கூறுவதற்கு மனிதருக்கு வலிமை உண்டு.

தனி மனிதர் உறுதியைப் போன்றே தேசத்தின் உறுதியும் நின்றிருக்கின்றது. 1929 டிசம்பர் 31-ஆம் தேதி நள்ளிரவில், லாகூரில் ராவி நதிக்கரையில், பூர்ண சுயராஜ்யமே இலட்சியம் என்று காங்கிரஸ் மகாசபை உறுதி பூண்டு கொடியேற்றிற்று. அத்தோடு கலைந்து போயிருப்பின் அதுவும் ஒரு புது வருஷப் பிரதிக்ஞையாய் முடிந்திருக்கும். 1930 ஜனவரி 26-ஆம் தேதி நாடெங்கும் ஜனங்கள் கூடி அப்பிரதிக்ஞையை எடுத்துக்கொண்டனர். விடுதலை வரும் வரை வருஷந்தோறும் அந்நாளில் அதனைப் புதுப்பித்தனர். தடியடிக்கும் சிறைக்கும் நடுவிலும் தேதி மாறவில்லை. சாசனம் அமலுக்கு வரும் நாளாக 1950 ஜனவரி 26-ஐத் தேர்ந்ததற்கு இதுவே காரணம். திருத்தணி இன்று தமிழ் நாட்டில் இருப்பதும் இத்தகைய ஓர் உறுதியின் பயனே. 1953-ல் ஆந்திர ராஜ்யத்தோடு சென்ற இவ்வூர், ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார், கே. விநாயகம் முதலியோரின் இடையறாத உழைப்பால், கிராமத்தை அலகாகக் கொண்டு படாஸ்கர் வகுத்த எல்லைப்படி, 1960 ஏப்ரல் முதல் தேதி திரும்பி வந்தது. திருப்பதி கிட்டவில்லை, தணிகை கிட்டிற்று. முழுவதும் கிட்டாது என்று தொடக்கத்திலேயே சோர்ந்திருந்தால் இதுவும் கிட்டியிராது.

உறுதி முறிவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. விட்டுவிடும் பொருளினால் ஏற்படும் நஷ்டத்துக்கு நாம் முன்கூட்டி வழி செய்வதில்லை. 1937 அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிய ராஜாஜியின் மந்திரிசபை, மறு வருஷம் சித்தூர், கடப்பை ஜில்லாக்களுக்கு அதனை விரித்தது. திருத்தணி அந்நாளில் சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. கள் வரும்படி போனால் பொக்கிஷம் என்னாவது என்ற கேள்விக்கு அவர் வாய்ச்சொல்லால் விடை கூறவில்லை. 1939-ல் விற்பனை வரியைக் கொண்டு வந்தார். 1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. பின்னர் நடந்தது யாவரும் அறிந்ததே. 1971-ல் அது தளர்ந்து, மீண்டு, மறுபடியும் தளர்ந்து, 2003 முதல் சர்க்கார் நிறுவனமே சில்லறைக் கடை நடத்தும் நிலை வந்துற்றது. நஷ்டத்தை ஈடுசெய்ய வந்த வரி வெவ்வேறு பெயர்களில் இன்றும் நிற்கின்றது; எதற்காக வந்ததோ அந்த விலக்கு நிற்கவில்லை. இதன் விலையை மாலை நேரத்தில் கூலிப் பணத்துக்காகக் காத்திருக்கும் தாய்மார் செலுத்தி வருகின்றனர். கணவனின் பிரதிக்ஞை அவர்களுக்குப் பொழுதுபோக்கன்று. அன்றைய அடுப்பு எரியுமா என்பது அதிலேதான் இருக்கின்றது.

தனி மனிதனுக்கும் இந்நியாயமே பொருந்தும். குடியை விடுகின்றவன் மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை எங்கே இருப்பது, அப்பணத்தை அன்றன்று யார் கையில் கொடுப்பது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். காலியான நாழிகையில் பழைய வழக்கமே திரும்பிக் குடிபுகும்.

‘ஒரு நாள் தவறிவிட்டதே, இனி என்ன?’ என்று கைவிடுவோர் பலர். இவருக்கும் சட்டமே விடை கூறுகின்றது. புரோநோட்டு மூன்று வருஷத்தில் காலாவதியாகும் என்பது கிராமத்தாருக்கும் தெரியும். ஆனால் கெடு முடிவதற்கு முன், கடன்பட்டவன் கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையொப்பமிட்டால், அன்று முதல் புதிய கெடு தொடங்குகின்றது. தவறியவன் அன்றிரவே, தான் வாக்களித்தவரிடம் சென்று, ‘இன்று தவறினேன், கடன் தீரவில்லை’ என்று சொல்லிவிடுவானானால் அவனுடைய பிரதிக்ஞை உயிரோடிருக்கும். மறைத்து வைத்தால், கெடு கழிந்த பத்திரம்போல் அது தானே செத்துவிடும். அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டிய அவசியம் யாதொன்றுமில்லை.

சாட்சி வேண்டும் என்றோம். கைப்பேசியில் நூறு பேருக்கு அனுப்பும் அறிவிப்பைச் சாட்சியாகக் கொள்வதற்கில்லை. அந்நூற்றுவருள் ஒருவரும் பத்தாம் நாள் திரும்பிக் கேட்கப் போவதில்லை. கேட்கும் உரிமையும் துணிவும் உடைய இருவர் போதும். அவருள் ஒருவர் நம் வீட்டிலேயே இருப்பது நலம்.

பொதுக் காரியத்தில் ஈடுபட்டுள்ள நண்பர்களுக்கு இதனைச் சிறப்பாகச் சொல்லிக்கொள்கின்றோம். மகாநாடு கூட்டித் தீர்மானங்களைக் கையொலியுடன் நிறைவேற்றுவதில் நாம் தேர்ந்தவர்கள். அடுத்த மகாநாட்டில் பழைய தீர்மானங்களின் கணக்கை முதலில் வாசிக்கும் சபைகள் எத்தனை? ஊரைத் திருத்தப் புறப்பட்டவரின் சொந்தப் பிரதிக்ஞையை ஊரார் கவனித்துக்கொண்டே இருக்கின்றனர். மேடையில் மதுவிலக்குப் பேசி இரவில் அதற்கு மாறாக நடப்பவர், தம்மை மட்டுமின்றித் தம் கட்சியையும் பொய்ப்படுத்துகின்றார்.

முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடமாதலின் தணிகை என்று பெயர் வந்தது என்பர். கந்த சஷ்டியிலும் அங்கே சூரசம்ஹாரம் நிகழ்த்துவதில்லை. ஆவேசத்தில் பிறந்த வார்த்தை ஆவேசம் தணிந்தபின் என்னாகின்றது என்பதே உறுதியின் பரீட்சை. நண்பர்களே! இவ்வருஷப் பிறப்பில் பத்துப் பிரதிக்ஞைகள் வேண்டாம். ஒன்று போதும். அதன் அளவையும் நாளையும் காகிதத்தில் குறித்து, இருவர் அறியக் கையொப்பமிடுங்கள். ஜனவரி இரண்டாம் தேதி காலையில் அக்காகிதத்தை எடுத்து மறுபடியும் படியுங்கள். முதற்படியில் கூட்டத்தோடு யாரும் நிற்கலாம். ஆளின் தரம் இரண்டாம் படியில் தெரிந்துவிடும்.