மருந்து என்று ஒரு பொய்

"பப்பாளிக்கு மருந்து அடித்தாயிற்றா, ஸார்?" என்று அடுத்த வீட்டுக்காரர் மதில்மேல் தலையை நீட்டிக் கேட்டார். சொற்களை வைத்துப் பிழைப்பவன் நான். அந்த ஒரு சொல் எனக்குப் பொறுக்கவில்லை. புட்டியில் இருப்பது விஷம். அதை மருந்து என்று சொன்ன மாத்திரத்தில் மரம் நோயாளியாகிவிடுகிறது, நாம் வைத்தியராகிவிடுகிறோம்!

செடி வாயில்லா ஜீவன் என்பது என்னைப் போன்ற கதாசிரியர்கள் கட்டிவிட்ட கதை. பப்பாளி இலையைக் கிள்ளினால் வடிகிற பால் அதன் ஆயுதம். 2004-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் அந்த இலையைப் புழுக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்படியே தின்ற புழுக்கள் செத்தன. நறுக்கிக் கழுவி, பாலைப் போக்கிக் கொடுத்தபோது அதே ஜாதிப் புழுக்கள் நன்றாக வளர்ந்தன. பாலிலுள்ள பப்பாயின் செய்கிற வேலை அது. மக்காச்சோளம் இன்னும் சாமர்த்தியசாலி. புழுவின் எச்சில் காயத்தில் பட்டதும் ஒரு வாசனையை விடும். அதைப் பிடித்துக்கொண்டு, புழுவின் உடம்பில் முட்டையிடும் குளவிகள் வந்து சேரும்.

"அப்படியானால் மாவுப்பூச்சிக்குப் பப்பாளி ஏன் தோற்றது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் தலைகாட்டிய அந்தப் பூச்சிக்குப் பூர்வீகம் மெக்ஸிகோ. இலையைக் கடிக்காமல் சாற்றை உறிஞ்சுகிற ஜாதி. புழுவைக் கொன்ற பால் இதைத் தடுக்கவில்லை. சொந்த ஊரில் இதை அடக்கி வைத்திருந்த சத்துருக்கள் கூட வரவில்லை. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் வெள்ளை பூத்து வாடின. விஷம் தெளித்தார்கள், மறுபடியும் தெளித்தார்கள். மேலே மூடியிருந்த மெழுகு மாவு பூச்சியைக் காப்பாற்றியது. அதைத் தின்ன வந்த பொறிவண்டுக்கு அப்படிப் போர்வை ஏது?

2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து, ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத ஒரு குளவியைத் தருவித்துத் தோட்டங்களில் விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சியின் கொட்டம் அடங்கிற்று. புட்டி புட்டியாகக் கொட்டிய விஷம் செய்யாததை அந்தத் துளி ஜீவன் செய்தது. அங்கேயும் போய் "மருந்து" அடித்தால் முதலில் சாவது யார்?

கடன் வாங்கிப் பயிரிட்டவனின் அவசரம் எனக்குத் தெரியும். விஷமே கூடாது என்று விரதம் பூணச் சொல்லவில்லை. பூச்சியைக் கண்டதும் கையைப் புட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். மரமும் அதன் சிநேகிதர்களும் என்ன செய்கிறார்கள் என்று நாலு நாள் பாருங்கள். அப்புறமும் தெளித்தே தீரவேண்டுமானால், அதன் பெயரைச் சொல்லித் தெளியுங்கள்.

"விஷம் இன்னும் அடிக்கவில்லை, ஸார்" என்று பதில் சொன்னேன். மனிதர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.