தண்ணீர் ஊற்றினால் போதுமா?

பாலக்காட்டிலிருந்து கோவைக்கு வரும் சாலை மெல்ல மெல்ல மேடேறும். அவ்வழியில் மதுக்கரை அருகே, பானெட்டைத் திறந்தபடி ஓரமாக நிற்கும் காரை நீங்களும் பார்த்திருக்கலாம். ரேடியேட்டரிலிருந்து ஆவி எழும். "வெயிலு ஜாஸ்திங்க, மேடு வேற" என்பார் ஓட்டுநர். தண்ணீரை ஊற்றிக்கொண்டு புறப்பட்டும் விடுவார். இது சரியான வைத்தியமா? இல்லை என்பதே என் கருத்து.

பெட்ரோல் எரிந்து வெளிப்படும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, எஞ்சினைச் சுற்றியோடும் கூலன்ட் என்னும் நீர்மத்துக்கு வெப்பமாகச் செல்கிறது. அவ்வெப்பத்தை ரேடியேட்டர் காற்றுக்குக் கொடுக்க வேண்டும். ஆடி மாதத்தில் கணவாய் வழியே வீசும் காற்றை மதுக்கரைக்காரர்கள் நன்கறிவார்கள். வேகமாக ஓடும் கார் அதைவிடப் பலமான காற்றைத் தானே எதிர்கொள்கிறது. ஆனால் லாரிகளின் பின்னே ஊர்ந்து செல்லும்போது அந்தக் காற்று ஏது? அப்போதுதான் விசிறி தேவைப்படுகிறது.

பழைய அம்பாசடர் காரில் எஞ்சினே பெல்ட் மூலம் விசிறியைச் சுழற்றியது. 1983-இல் வந்த மாருதி 800-இல் மின்மோட்டார் சுழற்றியது. இன்றைய கார்களிலும் பெரும்பாலும் அப்படியே. கூலன்ட் சுமார் 95 முதல் 100 பாகை செல்சியசை எட்டியதும், வெப்ப உணரி தகவல் தர, ரிலே மின்சாரத்தை விடும், விசிறி சுழலும். ஃபியூஸ், ரிலே, உணரி, மோட்டார் இவற்றில் ஒன்று பழுதானாலும் விசிறி நின்றுவிடக்கூடும்.

ஆகவே, "முள் எப்போது ஏறியது?" என்றுதான் முதலில் கேட்க வேண்டும். வண்டி நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் விசிறியைச் சந்தேகிக்கலாம். வண்டி நின்றதும் ஏ.சி.யின் குளிர்ச்சி குறைவது இன்னோர் அறிகுறி. வேகமாக ஓடும்போதே ஏறினால் குறை வேறிடத்தில்: கூலன்ட் ஒழுகலாம், தெர்மோஸ்டாட் திறக்காதிருக்கலாம், ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். மேடும் வெயிலும் குறையை வெளிக்காட்டுகின்றனவே தவிர, உண்டாக்குவதில்லை. தண்ணீர் ஊற்றினால் அக்குறை சற்று நேரம் மறைந்திருக்கும். பிறகு சிலிண்டர் ஹெட் வளைந்து பெருஞ்செலவு வந்து சேரும். வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு அது பல மாத வருமானம்.

இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. அழுத்தத்தில் இருப்பதால் ரேடியேட்டர் நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் குறைந்து, நொடியில் கொதித்து முகத்தில் பீறிடும். எனவே எஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறும்வரை காத்திருங்கள். எஞ்சின் நின்ற பிறகும் மின்விசிறி திடீரெனச் சுழலக்கூடும். அருகே கை கொண்டு போகாதீர்கள்.

கொதிநிலையும் அழுத்தமும் நீங்கள் வகுப்பில் படித்த பாடந்தானே! அடுத்த முறை வீட்டுக் காரில் செல்லும்போது அந்த முள்ளைக் கவனியுங்கள். அது ஏறினால் ஓட்டுபவரிடம் உடனே சொல்லுங்கள். பாடம் படித்ததன் பயன் அதுவே.